பின் சீற்றில் மட்டும் பெற்றோல் மணம்: கிளிநொச்சிக் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கார் 2004ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121. எஞ்சின் 1.5 லீற்றர் 1என்இசட்-எஃப்இ, டாங்கி 50 லீற்றர். ஓட்டம் பெரும்பாலும் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஏ9 வீதியில்; கிழமைக்கு இரண்டு மூன்று தடவை வயல் பக்கத்துக் கிரவல் ரோட்டில். மூன்று மாதமாகக் காருக்குள் பெற்றோல் மணம். அதற்குள் டாங்கி மூடி புதிதாகிவிட்டது, எஞ்சினுக்குள் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் ஓ-றிங் (கசிவைத் தடுக்கும் றப்பர் வளையம்) நான்கும் மாறிவிட்டன, எயார் பில்டரும் மாறிவிட்டது. மணம் மட்டும் போகவில்லை. கடைசியில் கண்ணாடியில் ஒரு வாசனைப் போத்தல் தொங்கியது. கார் எங்களிடம் வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி வெளியே வைத்தோம். பெற்றோல் கசிகிறது என்று சொல்லக் காரில் வேறு மணியோ விளக்கோ கிடையாது, மூக்கு ஒன்றுதான் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

“முன்னுக்கு இருக்கிற எனக்கு ஒண்டும் பெரிசாத் தெரியேல்லை. பின்னுக்கு இருக்கிற பிள்ளையள்தான் தலையிடிக்குது, சத்தி வருது எண்டு சொல்லுதுகள்” என்றார் வீட்டுக்காரர். விடையின் பாதி இந்தப் பேச்சிலேயே இருந்தது. முன்னர் பார்த்த கராஜில் பொனற்றைத் திறப்பதற்கு முன் இதைக் கேட்டிருந்தால் ஓ-றிங் நான்கும் மிச்சமாகியிருக்கும்.

எப்போது மணக்கிறது?

மணம் வரும் நேரத்துக்கும் கசிவு இருக்கும் இடத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. விடிய முதல் ஸ்ராட்டில் மணந்து எஞ்சின் சூடேறியதும் நின்றால், இன்ஜெக்டர் பக்கத்து றப்பர்கள் குளிரில் சுருங்கி ஒழுகுகின்றன என்று நினைக்கலாம். ஓடும்போது மணந்து, நிறுத்திச் சில மணித்தியாலங்களில் இல்லாமற் போனால் பம்ப் அழுத்தம் இருக்கும் குழாய்வழியைப் பார்க்க வேண்டும். பெற்றோல் அடித்த பின் ஒன்றிரண்டு நாள் மணந்து, டாங்கி அரைவாசிக்கு இறங்கக் குறைந்தால் டாங்கியின் மேற்பகுதி: மூடி, வாய்க்குழாய், ஆவிக்குழாய், பம்பைப் பிடித்தபடி டாங்கியின் மேல்வாயை மூடும் பம்ப் தட்டு. வெயிலில் நிறுத்தித் திறந்தவுடன் முகத்தில் அடித்தால் ஆவிப் பக்கம்.

“அண்ணை, புல் டாங்க் அடிச்சா எத்தனை நாளுக்கு மணக்கும்?” என்று கேட்டதற்கு, “ரெண்டு மூண்டு நாள் கடுமை, பிறகு குறையும்” என்றார். முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே நிற்க ஏலாது என்று வீட்டுக்கார அம்மா சேர்த்துச் சொன்னார். நிரம்பிய டாங்கி, நடுப்பகல் வெயில், மூடிய கண்ணாடி மூன்றும் சேரும் நேரம் அது. (மணக்கிற காரை அங்கே கற்பூரம் எரியும் இடத்துக்கு அருகில் விடவே வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டோம்.)

அடுத்ததாக ஒரு சிறு சோதனை. இதற்குச் செலவே இல்லை. ஏசி காற்றை வெளிக்காற்று நிலையில் வைத்து ஐந்து நிமிடம், உட்சுற்று நிலையில் வைத்து ஐந்து நிமிடம் ஓட வேண்டும். வெளிக்காற்று முன் கண்ணாடியின் அடியிலிருந்து உள்ளே வருகிறது. எஞ்சின் பக்கத்தில் கசிவு என்றால் வெளிக்காற்றில் மணம் கூடும், உட்சுற்றில் குறையும். இந்தக் காரில் நேர்மாறாக நடந்தது: உட்சுற்றில்தான் மணம் ஏறியது. அப்படியானால் மணம் பொனற்றுக்குள் இருந்து வரவில்லை. காருக்குள்ளேயே, பின்னால் எங்கோ பிறக்கிறது.

டிக்கியையும் வெறுமையாக்கிப் பார்த்தோம். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் கானில் பெற்றோல் வைத்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. ஒரு தரம் கம்பளத்தில் சிந்தினால் கிழமைக்கணக்கில் மணக்கும். இங்கே கானும் இல்லை, கறையும் இல்லை.

புகை மணத்தையும் பெற்றோல் மணத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். எரியாத பெற்றோல் சைலன்சர் வழியே வந்தால் கண் எரியும், எஞ்சின் நின்றதும் மணமும் நின்றுவிடும். எஞ்சின் ஒயில் அளக்கும் கம்பியை இழுத்து மணந்தும் பார்த்தோம்; ஒயிலில் பெற்றோல் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய வன்னியின் பழைய மெக்கானிக்மாருக்கு இந்த மணங்களைப் பிரிப்பது கைவந்த கலை. ஆனால் அந்தக் காலத்தின் ஒரு பழக்கத்தை இந்தக் கார்களுக்குக் கொண்டுவரக் கூடாது. காபரேற்றர் காரில் பெற்றோல் அழுத்தம் 3, 4 பிஎஸ்ஐ அளவுதான்; எந்தக் குழாயை மாட்டினாலும் ஓடிவிடும். 1என்இசட் எஞ்சினில் அது 44 முதல் 50 பிஎஸ்ஐ. மோட்டார் சைக்கிள் பெற்றோல் குழாயை இதில் மாட்டினால் ஒரு நாள் வெடித்துப் பீச்சும்.

அழுத்தப் பக்கம்

எஞ்சின் ஓடும்போது அழுத்தம் 304 முதல் 343 கிலோபாஸ்கலுக்குள் (மேலே சொன்ன 44 முதல் 50 பிஎஸ்ஐ) இருக்க வேண்டும். நிறுத்தி ஐந்து நிமிடம் சென்றும் 147 கிலோபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. மானி பூட்டிப் பார்த்ததில் ஓட்டத்தில் 320, நிறுத்தி ஐந்து நிமிடத்தில் 250. சுகமான அளவு. இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயிலையும் இன்ஜெக்டர் அடிகளையும் வெள்ளை ரிஷூவால் துடைத்து மணந்ததிலும் ஒன்றுமில்லை. ஆக, மாறிய ஓ-றிங்குகளில் குறை இல்லை. பழையவற்றிலும் பெரும்பாலும் இருந்திராது.

டாங்கி மூடியைச் சோதிக்க, வாயைச் சுற்றிப் பொலித்தீன் பையைக் கட்டி இருபது நிமிடம் வெயிலில் விட்டு, பையை அவிழ்த்து மணந்தோம். சுத்தம்.

சீற்றைத் தூக்க முன்

பெற்றோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு பாரம். அது மேலே போகாது, நிலத்தோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். காருக்குள் 5 மில்லிலீற்றர் பெற்றோல் முழுக்க ஆவியானால் ஏறத்தாழ ஒரு லீற்றர் ஆவி. 3 கன மீற்றர் உள்வெளிக்கு அது ஏறத்தாழ 0.03 சதவீதம். மூக்கைத் துளைக்கும், ஆனால் பற்றும் அளவுக்குக் கிட்டவும் வராது. அந்த ஆவி முழுவதும் வெளியே பரவாமல் சீற்றுக்குக் கீழேயுள்ள சிறு அறையில் தேங்கினால் கணக்கு வேறு. பம்பின் மின் இணைப்பும் அதே அறையில்தான் இருக்கிறது. இளகிய இணைப்பு முனை ஒன்று சூடேறிப் பொறி விட்டால் போதும். மணம் குறைவாக இருக்கிறது என்று நாள் கடத்தக் கூடாதது இதனால்தான்.

எங்கள் பக்கத்துக் கராஜ்களில் பெரிய ஆபத்து, காருக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் குழி. டாங்கியைத் திறக்கும் வேலையைக் குழிக்கு மேல் ஒருநாளும் செய்யாதீர்கள். ஆவி குழிக்குள் இறங்கி நிற்கும்; மேலே நிற்பவருக்கு மணம் குறைந்தது போல் இருக்கும்; கீழே வயர் விளக்கோடு இறங்குபவர் மாட்டுவார். இந்த வேலை மரநிழலில், சமநிலத்தில், காற்றோட்டத்தில் நடந்தது. வெல்டிங்கும் கிரைண்டரும் நிறுத்தப்பட்டன. குண்டு பல்ப் விளக்குக்குப் பதிலாக எல்ஈடி ரோர்ச், அதுவும் தூரத்திலேயே போட்டுக்கொண்டு வந்தது. தூள் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் எரியும் பெற்றோல் தண்ணீரின் மேல் மிதந்து ஓடும்.

டாங்கியில் பெற்றோல் கால்வாசிக்குக் கீழே இறங்கும்வரை காரை ஓடவிட்டோம். பிறகு பம்ப் பியூஸை எடுத்து, எஞ்சினைத் தானாக நிற்கவிட்டு, இன்னும் இரண்டு தடவை ஸ்ராட்டரை அடித்து அழுத்தத்தை இறக்கினோம். அதன் பிறகே பற்றறியின் மறை முனை கழன்றது. பின் சீற்றின் அடிமெத்தையைத் தூக்கியது அதற்கும் பிறகு. முனையைக் கழற்றும்போதும் பொறி வரும் என்பதால் அதை ஆவி திறபட முன் செய்ய வேண்டும், பிந்திச் செய்வதில் பிரயோசனம் இல்லை.

கண்டது

மெத்தைக்குக் கீழே நெல் உமியும் எலிப்புழுக்கையும். காலபோக அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும்போது எலிகள் கொட்டிலுக்கும் காருக்கும் இடம் மாறும். பம்பின் மேலுள்ள தகர மூடி, ஒட்டும் கறுப்புப் பசை இல்லாமல் சும்மா வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பசைதான் டாங்கியின் மேற்புறத்துக்கும் சீற்றுக்கும் இடையில் இருக்கும் கடைசிச் சுவர். அது இல்லாவிட்டால் கீழே வரும் மணம் நேரே பிள்ளைகளின் இருக்கைக்குத்தான் போகும்.

மூடியைத் தூக்கியதும் செம்மண் தூசி ஒரு படமே கீறி வைத்திருந்தது. வன்னித் தூசிக்கு இந்த வேலையில் ஒரு நன்மை உண்டு. எங்கள் வெயிலில் கசியும் பெற்றோல் துளியாக விழ முன்பே ஆவியாகிவிடும், ஈரத்தைப் பார்த்துப் பிடிக்க முடியாது. ஆனால் கசிந்த இடத்தில் தூசி கறுத்துக் களியாக அப்பிக்கொள்ளும், மற்ற இடத்தில் சிவப்பாகத் தூவலாகக் கிடக்கும். ஆகவே சுத்தம் செய்ய முன் பாருங்கள், படமும் எடுத்து வையுங்கள். இங்கே இரண்டு கறுப்பு: ஆவிக்குழாயின் றப்பர்த் துண்டில் ஒன்று, பம்ப் தட்டின் வலது பின் மூலையில் மற்றது.

றப்பர்த் துண்டில் எலிப் பல் தெளிவாக இருந்தது. “இதுதான் கோளாறு, மாத்தினாச் சரி” என்று எவருக்கும் தோன்றும். மாற்றினோம்: 8 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பெற்றோல் தாங்கும் குழாய், இரண்டு பக்கமும் 25 மில்லிமீற்றர் உள்ளே ஏற்றி, விளிம்பு மடித்த கிளிப் போட்டு. துளையிட்ட பட்டிக் கிளிப்பை இறுக்கினால் றப்பர் அந்தத் துளைகள் வழியே பிதுங்கி நாளடைவில் வெட்டுப்படும். ஆவிக்குழாய்க்கு எஸ்ஏஈ ஜே30 ஆர்7 என்ற தரக்குறி அச்சிட்ட குழாய் போதும். அழுத்த வழிக்கு ஆர்9 வேண்டும். டாங்கிக்குள் மூழ்கும் துண்டுக்கு இரண்டும் ஆகாது, ஆர்10 தான். மற்றவற்றின் வெளித்தோல் பெற்றோலில் ஊறிக் கரையும்.

ஆனால் இரண்டாவது கறுப்பை விட்டுவிட்டுக் காரை மூடியிருந்தால் இன்னொரு மாதம் கழித்து அதே கார் வந்திருக்கும்.

தண்ணீர் மட்டச் சோதனை

டாங்கியை மூடி, சிறிது காற்றழுத்தம் கொடுத்து, அது இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் ஆவிப் பக்கத்துக்குச் சரியான சோதனை. அதற்கு வேண்டிய அழுத்தம் மிகச் சிறியது: 30 சென்ரிமீற்றர் தண்ணீர், ஏறத்தாழ 3 கிலோபாஸ்கல், அரை பிஎஸ்ஐ கூட இல்லை. ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரைக் கொண்டுவந்து மாட்டினால் டாங்கி உப்பும், பொருத்துகள் பிரியும். கசிவு ஒன்று நாலாகும்.

மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிவான ரியூப்பில் ஒன்றரை மீற்றர் எடுத்து, ஒரு பலகையில் ‘யு’ வடிவில் 50 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கட்டி, பாதி உயரத்துக்குச் சாயத் தண்ணீர் விட்டோம். ஒரு கை திறந்தபடி. மறு கை முக்கிளைக் குழாயில். முக்கிளையின் இரண்டாம் கிளை, கனிஸ்டரிலிருந்து (டாங்கி ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டி) கழற்றிய ஆவிக்குழாயின் டாங்கிப் பக்கத்துக்கு. மூன்றாவது, இடையில் ஒரு திருகுவாயோடு சைக்கிள் பம்பிற்கு. பம்ப் வெளிக்காற்றில் நிற்க வேண்டும், வாயால் ஊதக் கூடாது; ஆவி நுரையீரலுக்குப் போகும், அதில் புற்றுநோய் தரும் பென்சீனும் இருக்கிறது. இந்த அமைப்பின் அழகு, கை தவறி அதிகம் அடித்தால் 50 சென்ரிமீற்றரில் தண்ணீர் வெளியே கொட்டி அழுத்தம் தானே இறங்கிவிடும்.

இரண்டு கைக்கும் இடையில் 30 சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும்வரை மெதுவாக அடித்துத் திருகுவாயை மூடினோம். புதிய குழாய் போட்டும் இரண்டு நிமிடத்தில் 22க்கு இறங்கியது. மீண்டும் 30க்கு ஏற்றி, பம்ப் தட்டின் ஓரமெங்கும் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் தடவினோம். வலது பின் மூலையில் நுரை கிளம்பியது.

ஒரு நுட்பம்: காரும் டாங்கியும் நிழலில் இரண்டு மணித்தியாலமாவது ஆறியிருக்க வேண்டும். டாங்கி சூடேறிக்கொண்டிருந்தால் உள்ளே ஆவி பெருகி, கசிவால் இறங்க வேண்டிய மட்டத்தைத் தூக்கிப் பிடிக்கும், கசிவு மறையும். காலை ஏழு மணி இதற்கு நல்ல நேரம்.

கஸ்கற்

தட்டைத் திறக்க முன் சுற்றியுள்ள தூசி முழுவதையும் தூரிகையாலும் ஈரத்துணியாலும் எடுக்க வேண்டும். ஒரு சிட்டிகை செம்மண் டாங்கிக்குள் விழுந்தாலும் பம்பின் வலை அடைக்கும். வீட்டு வக்கியூம் கிளீனர் கூடாது. அதன் மோட்டரில் பொறி உண்டு, உறிஞ்சும் காற்றில் ஆவி உண்டு.

போல்ற்றுகளைக் கழற்றித் தட்டைத் தூக்கியதும் காரணம் தெரிந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் கானில் கிடந்த அழுக்குப் பெற்றோலால் பம்ப் பழுதாகி, எங்கோ ஓர் இடத்தில் மாற்றப்பட்டிருக்கிறது. பம்ப் புதிது, தட்டுக்குக் கீழே கசிவைத் தடுக்கும் றப்பர் கஸ்கற் பழையது. பெற்றோலில் வருடக்கணக்கில் ஊறிய றப்பர் கழற்றியதும் பருத்து நீண்டுவிடும், அது இருந்த பள்ளத்தில் திரும்ப உட்காராது. மூலையில் மடிந்து நசிபட்டிருந்தது. மடிப்பை மூட யாரோ சிலிக்கன் பூசியிருக்கிறார்கள். சாதாரண சிலிக்கன் பெற்றோலில் ஊதிக் கூழாகும். ஒரு துண்டு ஏற்கெனவே உரிந்து டாங்கிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அது பம்ப் வலையில் ஒட்டியிருந்தால் ஏ9 இல் மாங்குளம் காட்டுக்குள் கார் நின்றிருக்கும்.

டாங்கி நிரம்பியபோதே ஏன் மணம் கூடியது என்பதும் இங்கே விளங்குகிறது. பெற்றோல் மட்டம் தாழ இருந்தால் அந்த மூலைக்கு ஆவி மட்டுமே வரும். நிரம்பியிருந்தால் கிரவல் ரோட்டுக் குலுக்கலில் திரவமே வந்து தட்டின் அடியை நனைக்கும். அத்தோடு பெற்றோல் செற்றில் பெற்றோல் அடிக்கும் துப்பாக்கி தானாக நின்ற பிறகும், ரூபாய்க் கணக்கை முழுமையாக்க இன்னும் கொஞ்சம் என்று அடிக்கும் வழக்கம். பெற்றோல் 10 பாகை சூடேற ஏறத்தாழ ஒரு சதவீதம் பெருகும். நிலத்தடித் தாங்கியில் 28 பாகையில் இருந்த 50 லீற்றர், வெயிலில் 40க்கு ஏறினால் அரை லீற்றருக்கும் கூடப் பெருகும். அதற்காக விட்டிருக்கும் வெற்றிடத்தையும் நிரப்பிவிட்டால் அது கனிஸ்டருக்குள் திரவமாக ஏறும். கனிஸ்டருக்குள் இருப்பது ஆவியை மட்டும் பிடிக்கும் கரி. திரவத்தில் ஊறினால் அதன் வேலை முடிந்தது. நல்ல காலமாக இந்தக் காரின் கனிஸ்டர் ஆட்டிப் பார்க்கத் திரவச் சத்தம் இல்லாமல், குழாய்முனை காய்ந்திருந்தது.

பள்ளத்திலிருந்த சிலிக்கனைப் பிளாஸ்ரிக் சுரண்டியால் சுரண்டி எடுத்தோம். இரும்புக் கத்தி கீறல் போடும், கீறலே கசிவாகும். விழுந்த துண்டுகள் ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கப்பட்டன. இந்த மாடலுக்கான புதிய கஸ்கற்றை எந்தப் பசையும் இல்லாமல், ஒரு துளி பெற்றோலால் மட்டும் நனைத்து வைத்தோம். போல்ற்றுகளை முதலில் கையால் பிடித்து, பிறகு நேர் எதிர் எதிராக, மூன்று சுற்றில் சிறிது சிறிதாக இறுக்கினோம். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் மெல்லிய தட்டு கோணும், கோணிய தட்டுக்கு எந்தப் புதுக் கஸ்கற்றும் உதவாது.

மூட முன்

தண்ணீர் மட்டம் மறுபடி: 30இல் தொடங்கி ஐந்து நிமிடத்தில் 29. நுரை இல்லை. ரியூப்பைக் கழற்றி, கனிஸ்டர் குழாயைப் பூட்டி, பியூஸையும் பற்றறியையும் இணைத்து, தகர மூடி திறந்திருக்கவே எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டோம். துடைத்துக் காய்ந்த தட்டின் ஓரத்திலும் குழாய்ப் பொருத்திலும் முகத்துக்குப் போடும் வெள்ளைப் பவுடரைத் தூவியிருந்தோம். எங்கே நனைந்தாலும் கோடாகக் கறுக்கும். வெள்ளையாகவே இருந்தது. அதன் பிறகுதான் தகர மூடிக்குப் புதிய பசை சுற்றி அமுக்கி மூடியது.

மெத்தைப் பஞ்சும் கம்பளமும் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும். இவற்றை அப்படியே திரும்பப் போட்டுவிட்டு “இன்னும் மணக்குதே” என்று மறுபடி கழற்றுபவர்கள் பலர். இரண்டு நாள் காற்றில் தூக்கிப் போட்டபின் போட்டோம்.

முதல் தடவை நிரப்பும்போது துப்பாக்கி தானாக நின்ற இடத்தோடு நிறுத்தச் சொன்னோம். அன்றே கிரவல் ரோட்டில் இருபது கிலோமீற்றர், பிறகு கண்ணாடி மூடி நடுப்பகல் வெயிலில் இரண்டு மணித்தியாலம். கதவைத் திறந்தபோது சீற் சூடேறிய மணம் மட்டும்தான். மூன்றாவது தடவை நிரப்பிய பின்னும் பின் சீற்றில் பிள்ளைகளை இருத்தி வவுனியா போய் வந்தார்கள், தலையிடி இல்லை. கார் நிற்கும் கொட்டிலிலிருந்து நெல் மூட்டைகள் வீட்டுக்குள் மாறிவிட்டன. அடுத்த அறுவடை முடிந்ததும் சீற்றைத் தூக்கி எலி வந்ததா என்று பார்க்க ஒரு திகதி குறித்துக் கொடுத்தோம்.